பூட்டைப் படித்த கதை

முதுமையில் மனிதரை வந்து பற்றிக்கொள்ளும் பித்துகள் பலவகை. சிலர் தபால்தலை சேர்ப்பர். சிலர் ரோஜாச் செடி வளர்ப்பர். சிலர் ஊர் வம்பு வளர்ப்பர். நமக்கு வாய்த்ததோ சாவியின்றிப் பூட்டுத் திறக்கும் பித்து. இதைச் சொன்ன மாத்திரத்தில், எதிரே அமர்ந்திருப்பவர் தம் சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வதை நாம் எத்தனையோ தடவை கண்டிருக்கிறோம். அவரைக் குறை சொல்வதற்கில்லை. வாசக அன்பர்களும் அவ்வாறே செய்யக்கூடும். ஆகவே, இந்தப் பித்து எங்கிருந்து வந்தது, நமக்கு எதைத் தந்தது, நம்மிடமிருந்து எதைப் பறித்தது என்பதையெல்லாம் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட விழைகிறோம்.

நாம் பிறந்து வளர்ந்த ஊர் திண்டுக்கல். மலைக்கோட்டையின் நிழல் படும் பேகம்பூரில் நமது வீடு. கடைத்தெருவில் அத்தாவின் இரும்புக்கடை. அந்நாளில் ஊரின் எத்திசையில் நடந்தாலும் அரம் தேய்க்கும் ஓசை காதில் விழும். தகட்டை வெட்டுவார் ஒருவர். அதைத் தேய்த்து வழவழப்பாக்குவார் மற்றொருவர். உள்ளே வைக்கும் பித்தளை லீவர்களை ஒவ்வொன்றாக அறுத்துச் சாவிக்குப் பொருத்திப் பார்ப்பார் மூன்றாமவர். மாங்காய் வடிவில் ஒரு பூட்டு. சாவியைத் திருப்பினால் மணியடிக்கும் பூட்டு மற்றொன்று. ஒரு பூட்டின் சாவி இன்னொரு பூட்டைத் திறக்காது என்பதே ஊரின் பெருமை.

1962ஆம் ஆண்டு. நமக்குப் பத்து வயது. ஒருநாள் காலை அத்தா கடை திறக்கச் சென்றார். நாமும் உடன் சென்றோம். சாவியைக் காணோம். வீட்டிலும் தேடி, வந்த வழியெல்லாம் தேடி, இறுதியில் பூட்டு ஆசாரி ஒருவரை அழைத்துவரச் சொன்னார் அத்தா. இருபது ஆண்டுகளாக நமது கடையில் இரும்புத் தகடு வாங்கியவர் அவர். வந்தவர் பூட்டைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார். ஆனால் பூட்டைத் தொடவில்லை. அக்கம்பக்கத்துக் கடைக்காரர் இருவரை அழைத்துவரும்படி நம்மிடம் சொன்னார்.

“என்ன ஆசாரி, என்னை உமக்குத் தெரியாதா?” என்று அத்தா சற்றே சினந்தார்.

“உங்களைத் தெரியும் ராவுத்தரே. பூட்டையும் தெரியும். இந்தப் பூட்டு உங்களுடையது என்று நாலு பேர் சொல்லட்டும். அப்புறம் கை வைக்கிறேன்” என்றார் ஆசாரி.

மளிகைக்கடை நாடார் வந்தார். எதிர்க்கடைச் செட்டியார் வந்தார். “ராவுத்தர் கடைதான், ராவுத்தர் பூட்டுதான்” என்று இருவரும் சிரித்துக்கொண்டே சாட்சி சொன்னார்கள். ஆசாரி இரண்டு வளைந்த கம்பிகளை எடுத்தார். ஒன்றால் தாழை மெல்ல அழுத்தியபடி, மற்றொன்றால் உள்ளே தடவினார். கண்களை மூடியிருந்தார். ஐந்து நிமிடம் இருக்கும். பூட்டு வாய் திறந்தது. அந்தப் பத்து வயதுச் சிறுவனின் நெஞ்சில் அக்காட்சி ஆழப் பதிந்துவிட்டது. ஆனால் பதிந்தது பாதிக் காட்சியே. கம்பிகள் நினைவில் நின்றன; மூடிய கண்கள் நினைவில் நின்றன; நாடாரும் செட்டியாரும் எப்படியோ மறைந்து போனார்கள். அந்த மறதிக்கு நாம் கொடுத்த விலையைப் பின்னர்ச் சொல்வோம்.

நிற்க. பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி 2010ஆம் ஆண்டு ஓய்வு பெற்றோம். கையில் காலம் மிகுந்தது. ஒருநாள் பழைய பயணப்பெட்டி ஒன்றை இறக்கியபோது, அதில் சாவியில்லாத சிறு பித்தளைப் பூட்டொன்று தொங்கிக்கொண்டிருந்தது. சுத்தியலால் ஒரே அடி அடித்தால் தீர்ந்தது. ஆயினும் கை எழவில்லை. ஆசாரியின் மூடிய கண்கள் நினைவில் எழுந்தன. நாமும் முயன்று பார்ப்போமே என்று அமர்ந்தோம்.

முதலில் இல்லத்தாரின் கொண்டை ஊசி இரண்டைக் கேட்டு வாங்கினோம். அவை பூட்டுக்குள் போன வேகத்தில் வளைந்து திரும்பின. அடுத்துப் பழைய குடையைப் பிரித்துக் கம்பி எடுத்தோம், அதற்கும் வலுவில்லை. வேண்டுவது வளைந்தாலும் தன் நிலைக்கே மீளும் எஃகு என்பது அப்போதுதான் புரிந்தது. இரும்பறுக்கும் ஆக்சா பிளேடு அதற்கு ஏற்றது எனக் கண்டோம். அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. பட்டறையொன்றில் சாணைக்கல்லை இரவல் கேட்டு, பல்லைத் தேய்த்தகற்றி, நுனியை மெல்லிய கொக்கியாக்க முனைந்தோம். அவசரப்பட்டு அழுத்தியதில் நுனி சூடேறி நீலம் பாய்ந்தது. பட்டறைக்காரர் எட்டிப் பார்த்து, “நீலம் பாய்ஞ்சா பதம் போச்சு பாய், தூக்கிப் போடுங்க” என்றார். அன்றிலிருந்து பக்கத்தில் தண்ணீர்ச் சட்டி வைத்துக்கொண்டு, நொடிக்கொருமுறை நனைத்து நனைத்துத் தேய்க்கப் பழகினோம். எட்டுப் பிளேடுகள் வீணான பின்னரே ஒன்று உருப்பட்டது. அதையும் அப்படியே விட்டால் பிசிறு பூட்டுக்குள் கவ்வும். எனவே உப்புத்தாள் கொண்டு, முதலில் கரடு, பின்னர் நைஸ் என, விரல் வழுக்கும்வரை தேய்த்தோம். பிடிக்குச் சைக்கிள் டியூபைச் சுற்றினோம்.

கொக்கி மட்டும் போதாது. பூட்டின் உருளையை மெல்லத் திருப்பிப் பிடிக்க வளைந்த பட்டை ஒன்று வேண்டும். மோட்டார் கண்ணாடி துடைக்கும் வைப்பர் ரப்பரின் இரு பக்கமும் மெல்லிய எஃகுப் பட்டைகள் செருகப்பட்டிருக்கும். மெக்கானிக் ஒருவர் தூக்கியெறிய வைத்திருந்த வைப்பரிலிருந்து அவற்றை உருவிக்கொண்டு வந்து, குறட்டால் மடக்கினோம். மேலை நாடுகளில் இப்பொழுதுபோக்கு உடையோர், தெருப் பெருக்கும் இயந்திரங்களிலிருந்து உதிர்ந்த எஃகு ஈர்க்குகளைச் சாலையோரத்தில் பொறுக்கிக் கருவி செய்வார்கள் என்று பிற்பாடு அறிந்தபோது, குப்பை பொறுக்குவதில் நாம் தனியரல்லர் என்று ஆறுதல் கொண்டோம்.

இந்தப் பாடுகளையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த இல்லத்தார் ஒருநாள் கேட்டார்: “முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளுக்கு நல்லது சொன்ன வாயால், இனிப் போலீஸ் ஸ்டேஷனில் பதில் சொல்லப் போகிறீர்களா?” நாம் பதில் சொல்லவில்லை, பூட்டும் நமக்குப் பதில் சொல்லவில்லை.

அச்சிறு பூட்டின் உள்ளமைப்பு எளியது. உருளை ஒன்று, அதன் மேல் வரிசையாகச் சில துளைகள், ஒவ்வொரு துளையிலும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சிறு ஊசிகள், அவற்றை மேலிருந்து அழுத்தும் சுருள்வில். சரியான சாவி நுழைந்தால் இரண்டு ஊசிகளும் சந்திக்கும் இடம் உருளையின் விளிம்புக்கு நேராக வந்து நிற்கும்; உருளை சுழலும். ஊசிப் பூட்டின் மூதாதை, எகிப்து முதலிய நாடுகளில் பன்னெடுங்காலம் வழங்கிய மரத்தாழ்ப்பாள். அதை உலோகத்தில் வார்த்து, உள்ளங்கைக்குள் அடங்கும் சாவியோடு 1860களில் உலகுக்கு அளித்தவர் அமெரிக்கரான லைனஸ் யேல் இளையவர்.

இத்துணை ஒழுங்கான பூட்டு எங்ஙனம் தோற்கிறது? துளைகளனைத்தும் மயிரிழை பிசகாமல் ஒரே நேர்க்கோட்டில் அமைவதில்லை. மனிதக் கையாயினும் இயந்திரமாயினும் எங்கோ ஒரு சிறு பிசகு நேர்ந்தே தீரும். ஆதலால் உருளையை மெல்லத் திருப்பிப் பிடிக்கும்போது எல்லா ஊசிகளும் ஒருசேர இறுகுவதில்லை. ஒன்றுதான் முதலில் இறுகும். அந்த ஒன்றைக் கண்டு உயர்த்தினால் மெல்லிய ‘டிக்’ ஓசையுடன் அது தன் இடத்தில் அமரும். அடுத்து மற்றொன்று இறுகும். விரலுக்கு வேண்டுவது வலிமையன்று, பொறுமை. அதிகமாய் அழுத்தினால் எல்லாம் சேர்ந்து இறுகிவிடும். அழுத்தம் குறைந்தால் எழுப்பியதெல்லாம் விழுந்துவிடும். வகுப்பறையில் முரட்டுப் பிள்ளைகளிடம் முப்பத்து மூன்று ஆண்டுகளில் நாம் கற்ற பாடமும் ஏறக்குறைய இதுவே.

நாற்பது நாட்கள்போல் முயன்றோம். ஒரு முன்னிரவில், மின்சாரம் நின்று போயிருந்த வேளையில், இருட்டிலேயே அப்பூட்டு நம் கையில் திறந்தது. கண்ணுக்கு வேலையில்லாதபோது விரல் கூர்மை பெறுகிறது போலும். ஆசாரி ஏன் கண்களை மூடினார் என்பது ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் நமக்கு விளங்கிற்று.

அதன்பின் பித்து முற்றியது. காயலான்கடைகளில் பழம்பூட்டுகளை எடைக்கு வாங்கினோம். பூட்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தோம். 1206ஆம் ஆண்டளவில் தம் பொறியியல் நூலை நிறைவுசெய்த அல்-ஜஸரி, நான்கு எழுத்துச் சக்கரங்களைப் பொருத்தித் திறக்கும் பேழைப் பூட்டொன்றை அதில் விவரித்துள்ளார் என்றறிந்து வியந்தோம். இலண்டனில் ஜோசப் பிராமா என்பார் 1790ஆம் ஆண்டு தம் கடைச் சன்னலில் ஒரு பூட்டை வைத்து, சாவியின்றித் திறப்பவர்க்கு இருநூறு கினி பரிசு என்று எழுதிவைத்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அப்பரிசைப் பெறுவார் இல்லை. 1851ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்கு வந்த ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர், முதலில் புகழ்பெற்ற சப் கம்பெனியின் லீவர் பூட்டை இருபத்தைந்து நிமிடத்தில் திறந்தார். பிறகு பிராமாவின் பூட்டுடன் அமர்ந்து, பதினாறு நாட்களில் ஐம்பத்தொரு மணி நேரம் உழைத்து அதையும் திறந்தார். பூட்டின் குறைகளை வெளியிட்டால் கள்வர் கற்றுக்கொள்வார்களே என்று பலர் அஞ்சினர். கள்வர்கள் அவற்றை முன்பே அறிவர். அறியாதவர்கள் பூட்டை நம்பி உறங்கும் நல்லவர்களே என்பது ஹாப்ஸ் தரப்பின் வாதம். நாமும் அதை முழுமனத்துடன் ஏற்றுக்கொண்டோம்.

இப்பொழுதுபோக்கினர் 1997ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஒரு சங்கமே அமைத்துக்கொண்டனர். இத்தகைய சங்கத்தார் பொதுவாகக் கடைப்பிடிக்கும் விதிகள் இரண்டு. உனக்குச் சொந்தமான பூட்டையோ, சொந்தக்காரர் இசைந்த பூட்டையோ மட்டுமே திற என்பது ஒன்று. பயன்பாட்டில் இருக்கும் பூட்டைத் தொடாதே என்பது மற்றொன்று. நாம் அவற்றைப் படித்தோம், தலையசைத்தோம், அடுத்த பக்கத்தைப் புரட்டினோம்.

இனிச் சொல்ல வேண்டியது சொல்லக் கூசும் பகுதி.

2014ஆம் ஆண்டு. நமது பித்து உறவினரிடையே பரவலாகத் தெரிந்துவிட்டிருந்தது. ஒரு மாலை, தாயாதி உறவினர் ஒருவர் நம் வீட்டுக்கு வந்தார். தம் பூர்வீக வீட்டில் உள்ள இரும்பு அலமாரியின் சாவி தொலைந்துவிட்டதென்றும், மறுநாள் பத்திரப்பதிவு அலுவலகத்தில் காட்ட வேண்டிய காகிதங்கள் அதனுள் இருப்பதாகவும் சொன்னார். “ஊரில் உங்களை விட்டால் யாருண்டு அண்ணே?” என்றும் சேர்த்துக்கொண்டார். அச்சொல் நம்மைக் குளிர்வித்தது. கருவிப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலம்போல் அவர் பின்னால் சென்றோம்.

உள்ளே மூன்று லீவர் மட்டுமே கொண்ட மலிவான பூட்டு அது. நான்கே நிமிடத்தில் கைப்பிடி திரும்பியது. நாம் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோமேயன்றி வீட்டைப் பார்க்கவில்லை. அவ்வீட்டில் பெண்மக்கள் எவரையும் காணவில்லையே என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. உறவினர் துணியில் சுற்றிய கட்டொன்றை எடுத்துக்கொண்டார். தேநீர் தருவித்தார். நாம் எவ்வாறு திறந்தோம் என்பதைத் தேநீர் ஆறும்வரை அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தோம்.

பத்து நாட்கள் கழித்து உண்மை தெரிந்தது. அலமாரி அவருடையதன்று, காலமாகிவிட்ட அவருடைய தமையனாருடையது. தமையனாரின் மனைவி, மகளின் பேறுகாலத்துக்காக மதுரை மருத்துவமனையில் தங்கியிருந்தார். சாவி தொலையவில்லை, அந்த அம்மாளின் கைப்பையில் பத்திரமாக இருந்தது. துணிக்கட்டில் இருந்தவை, பாகம் பிரியாத வீட்டின் மூலப்பத்திரமும், கணவர் அவருக்கென எழுதிவைத்த சில காகிதங்களும்.

ஊர் திரும்பிய அந்த அம்மாள் நேராக நம் வீட்டு வாசலுக்கு வந்தார். திட்டவில்லை, அழவுமில்லை. தம் பையிலிருந்து அந்தச் சாவியை எடுத்து நம்மிடம் நீட்டினார்.

“இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே. இனி எனக்கு இது எதற்கு?” என்றார்.

நமக்கு நா எழவில்லை. சாவியை வாங்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. திண்ணையில் அதை வைத்துவிட்டு அவர் சென்றார். அன்றிரவு இல்லத்தாரும் நம்மிடம் பேசவில்லை. இருட்டில் கிடந்தபோதுதான், அரை நூற்றாண்டாக மறந்திருந்த நாடாரும் செட்டியாரும் நம் கண்முன் வந்து நின்றனர். இருபது ஆண்டுப் பழக்கத்துக்குப் பின்னும் ஆசாரி அவர்களை ஏன் அழைக்கச் சொன்னார்? அத்தாவை நம்பாததாலா? அன்று. தம் கையின் வல்லமையை அவர் நம்பவில்லை. திறக்கத் தெரிந்த கை, திறக்க ஆசைப்படும் கை. அதைத் தடுக்கப் பக்கத்தில் நாலு கண்கள் வேண்டுமென்று அவர் அறிந்திருந்தார். அவருடைய தொழிலில் பாதி அதுவே. அந்தப் பாதியைக் கல்லாமல் மீதியைக் கற்ற நாம் அரைகுறைத் தொழிலாளி.

அக்காலத்தில் பிரெஞ்சு மன்னர் 16ஆம் லூயியின் வரலாற்றை மீண்டும் எடுத்துப் படித்தோம். பூட்டுச் செய்வது அம்மன்னருக்குப் பொழுதுபோக்கு. அவருக்கு அதைக் கற்பித்தவர் கமேன் என்னும் பூட்டுத் தொழிலாளி. அரண்மனைச் சுவருக்குள் இரகசிய இரும்பு அலமாரி ஒன்றை மன்னருக்காக அமைத்துக் கொடுத்தவரும் அவரே. மன்னர் சிறைப்பட்டபின், 1792 நவம்பரில் அந்த இரகசியத்தை ஆட்சியாளரிடம் சொன்னவரும் அவரே. அதிலிருந்து எடுத்த காகிதங்கள் விசாரணையில் மன்னருக்கு எதிரான சான்றுகளாயின. 1793 ஜனவரியில் மன்னர் கொலைமேடை ஏறினார். முன்பு இதைப் படித்தபோது மன்னரின் கைத்திறனை எண்ணி வியந்திருந்தோம். இம்முறை கமேனின் பெயர் வந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்தோம்.

மறுநாள் ஜமாஅத் பெரியவர்களிடம் சென்று, அலமாரியைத் திறந்தது நாம்தான் என்பதையும், எந்த நாள், எந்த நேரம், எதை எடுத்தார் என்பதையும் எல்லார் முன்னிலையிலும் சொன்னோம். உறவினர் முதலில் மறுத்திருந்தார். நம் வாக்குமூலத்துக்குப்பின் மறுக்க வழியில்லை. மூன்று மாத இழுபறிக்குப் பின் காகிதங்கள் அனைத்தும் அந்த அம்மாளிடம் திரும்பின. வீடும் முறைப்படி பாகமாயிற்று. உறவினர் இன்றும் நம்மைக் கண்டால் தெருவின் மறுபக்கம் நடக்கிறார். அதில் நமக்கு வருத்தமில்லை. அந்த அம்மாள் சலாம் சொல்வார். நலம் விசாரிக்க மாட்டார். அதுதான் நெடுநாள் உறுத்தியது.

கருவிகளைக் கிணற்றில் எறிந்துவிடலாமா என்று எண்ணினோம். எறிந்தாலும் விரல்களை எறிய முடியாதே! ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். எப்பூட்டைத் திறந்தாலும் அதில் நாள், இடம், பூட்டின் வகை, உடையவர் பெயர், சாட்சிகள் இருவரின் கையொப்பம். கையொப்பம் கேட்டதும் சிலர் முகம் சுளித்து எழுந்து போனதுண்டு. அவர்கள் போனது நன்றே.

திண்டுக்கல்லில் இன்னும் கையால் பூட்டுச் செய்யும் பட்டறை ஒன்றுக்குச் சென்று, ஏழு லீவர் கொண்ட பூட்டொன்று செய்யச் சொன்னோம். பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, அலிகாரிலிருந்தும் இயந்திரத்திலிருந்தும் வரும் மலிவுப் பூட்டுகளே கடைகளில் நிறைந்திருந்த காலம் அது. 2019ஆம் ஆண்டு திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே மகிழ்ந்தது. மகன்கள் வேறு வேலைக்குப் போய்விட்ட பட்டறைகளில் அரத்தை எடுப்பார் யார் என்பதும் ஊருக்குத் தெரியும். நிற்க, அந்தப் பூட்டைச் செய்தவர், இரண்டு சாவிகளையும் தாளில் சுற்றி அரக்கு வைத்துக் கொடுத்தார். அதைப் பிரிக்காமலே அந்த அம்மாளிடம் சேர்ப்பித்தோம். நம் வீட்டுத் திண்ணையில் கிடந்த பழைய சாவியையும் உடன் வைத்தோம். அவர் வாங்கிக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள், அந்த வீட்டுப் பேரப்பிள்ளை ஓடிவந்து, பாட்டியின் பூட்டு இறுகிவிட்டதென்றும், நம்மை அழைத்துவரச் சொன்னார் என்றும் சொன்னான். நாம் போனபோது திண்ணையில் அண்டை வீட்டார் இருவர் அமர்ந்திருந்தனர். அந்த அம்மாள் வாசலுக்கு வந்தார்.

“வாங்க அண்ணே. இவங்க ரெண்டு பேரும் சாட்சிக்கு இருக்காங்க. நோட்டுக் கொண்டுவந்தீங்களா?” என்றார்.

கொண்டுவந்திருந்தோம். ஆனால் கருவிக்கு வேலை ஏற்படவில்லை. ஈரத்தில் தூசு இறுகியிருந்தது, அவ்வளவே. எண்ணெய் விட்டால் தூசு மேலும் ஒட்டும் என்பதால், பென்சில் முனையைச் சுரண்டிய கரித்தூளைச் சாவித்துளையில் இட்டோம். “நீங்களே திருப்புங்கள்” என்று ஒதுங்கி நின்றோம். அவர் தம் சாவியை நுழைத்து மும்முறை அசைத்தார். பூட்டு திறந்தது. அண்டை வீட்டார் இருவரும் நோட்டில் கையொப்பமிட்டனர். திறந்தவர் பெயருக்குரிய இடத்தில் அந்த அம்மாளின் பெயரை எழுதினோம். அவர் உள்ளே சென்று நமக்குத் தேநீர் கொண்டுவந்தார். இல்லத்தாரின் மூட்டுவலி இப்போது எப்படியிருக்கிறது என்றும் கேட்டார்.